நான் ஓட்டிய வானூர்தி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்)

நான் இதுவரை வானூர்தியில் ஏறியதில்லை. மீனம்பாக்கம் நிலையத்தின் வாயிலைக்கூடப் பேருந்துச் சன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆயினும் அங்கிருந்து நூறு முறைக்கு மேல் வானில் எழும்பியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் தரையில் மோதியிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டு நண்பர்கள் சிரிக்கலாம். முழுவதும் படித்தபின் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

சிறு வயதில் எங்கள் வயலுக்கு மேலே வானூர்தி போகும்போதெல்லாம் நாற்றுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். "அதை யாருப்பா ஓட்டுறாங்க?" என்று ஒருநாள் அப்பாவைக் கேட்டேன். "படிச்சவங்க" என்றார் அப்பா. படித்தால் போதும் போலிருக்கிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். மேல்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. வணிக வானோடி உரிமம் பெற நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகும். எங்கள் நிலத்தையும் வீட்டையும் சேர்த்து விற்றாலும் அந்தத் தொகை தேறாது. நான் தமிழ் இலக்கியம் படிக்க இந்தக் கல்லூரிக்கு வந்தேன். விருப்பமில்லாமல் வந்தேன் என்று எண்ண வேண்டாம். தமிழும் எனக்கு வானம்தான்.

ஆனால் ஆசை என்பது வேலியோரத்து அருகம்புல். வெட்டினாலும் வேர் இருக்கும்.

அக்காவுக்குப் பள்ளியில் அரசு தந்த விலையில்லா மடிக்கணினி எங்கள் வீட்டில் இருந்தது. அவள் திருமணமாகிப் போகும்போது, "நீ படிக்க வச்சிக்கடா" என்று என்னிடம் விட்டுச் சென்றாள். முதலாண்டு விடுமுறையில் அதில்தான் 'ஃப்ளைட்கியர்' என்னும் மென்பொருளை நிறுவினேன். வானூர்தி ஓட்டுவதைக் கணிப்பொறித் திரையில் மெய்போலக் காட்டும் பாவிப்பு மென்பொருள் அது. அதற்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. திருட்டுத்தனமாகவும் எடுக்கவில்லை. அது எல்லாருக்கும் உரியது.

அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லத்தான் வேண்டும். தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் பொறியை 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எட்வின் லிங்க் என்பவர் உருவாக்கினார். அவருடைய குடும்பத் தொழில் பியானோவும் ஆர்கனும் செய்வது. அந்த இசைக்கருவிகளில் காற்றடைக்கும் துருத்திகளைக் கொண்டே ஒரு சிறு மரப்பெட்டியை வானூர்திபோல் ஆடவும் சாயவும் வைத்தார். பிற்காலத்தில் கணிப்பொறி அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. ஆனால் விற்பனைக்கு வந்த பாவிப்பு மென்பொருள்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. பிழை கண்டாலும் திருத்த முடியாது. இந்தக் குறையை நினைத்துத்தான் 1996-ஆம் ஆண்டு ஏப்ரலில் டேவிட் மர் என்பவர், நாமே கூடி ஒன்றைச் செய்வோம் என்று முன்மொழிந்தார். கர்ட்டிஸ் ஓல்சன் உள்ளிட்ட பலர் அதை எடுத்து நடத்தினர். 1997-ஆம் ஆண்டு சூலையில் முதல் பதிப்பு வெளிவந்தது. காற்றில் வானூர்தி எப்படி நடந்துகொள்ளும் என்னும் கணக்கு, தொடக்கத்தில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் எழுதப்பட்ட நிரலில் இருந்து எடுக்கப்பட்டது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் வழியே பிறந்த பொது உரிமத்தின்கீழ் இதை வெளியிட்டனர். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம். மாற்றித் தருபவர் அதே உரிமையைப் பெறுபவருக்கும் தர வேண்டும் என்பதே அதில் உள்ள கட்டுப்பாடு.

இதை இன்றுவரை வளர்த்து வருபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் இதற்கு உழைப்பவர்கள். ஒருவர் இறக்கையின் வடிவம் வரைகிறார். ஒருவர் மேகம் செய்கிறார். ஒருவர் தம் ஊர் ஓடுபாதையின் விளக்குகளை எண்ணி எழுதி அனுப்புகிறார். மலையும் பள்ளமும் காட்டும் தரையின் உயரக் கணக்கில் பெரும்பகுதி, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் உலகைச் சுற்றி ரேடார் கொண்டு அளந்து தந்தது. சாலைகள் 2004-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடத்தில் இருந்து வந்தவை. அதுவும் ஊர் கூடி இழுக்கும் தேர்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

முதல் நாள் திரையில் செஸ்னா 172 என்னும் சிறு வானூர்தி வந்து நின்றது. அது நின்றது நின்றபடியே இருந்தது. ஆங்கில வழிகாட்டி நூலைத் திறந்தேன். நான் தமிழ்வழியில் படித்தவன். ஒரு பக்கத்துக்குப் பத்துச் சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டியிருந்தது. எரிபொருளும் காற்றும் கலக்கும் பிடியை முன்னே தள்ளு. நெளிவு அடைப்புக்குறி விசையை மூன்று முறை தட்டு. பிறகு எஸ் என்னும் விசையை அழுத்திப் பிடி. இயந்திரம் இயங்கும் என்று எழுதியிருந்தது. அப்படியே செய்தேன். இயங்கவில்லை. மூன்று நாள் முயன்றேன். மடிக்கணினி பழையது, அதற்கு வலுவில்லை என்று முடிவு செய்து மூடி வைத்தேன்.

நான்காம் நாள் வகுப்புக் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது காரணம் பளிச்சென்று விளங்கியது. என் கணிப்பொறியில் எப்போதும் தமிழ்99 விசைப்பலகை இருக்கும். நான் எஸ் என்று நினைத்து அழுத்திய ஒவ்வொரு முறையும் கணிப்பொறிக்குப் போனது 'இ' என்னும் எழுத்து. வானூர்திக்கு இகரம் தெரியாது. ஆங்கிலத்துக்கு மாற்றி அழுத்தினேன். விசிறி சுழன்றது. வீடெல்லாம் கேட்கும்படி இரைச்சல். சமையற்கட்டில் இருந்து அம்மா, "மோட்டார் யாருடா போட்டது?" என்று கேட்டார்.

மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழ 3,660 மீட்டர் நீளம். செஸ்னாவுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். வேகம் 55 நாட்டைத் தொட்டதும் மூக்கை மெல்லத் தூக்கினேன். எழும்பியது. எங்கே போவது? வேறு எங்கே போவேன்? தென்மேற்கே திருப்பினேன். உத்திரமேரூர் அங்கிருந்து நேர்வானில் அறுபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மணிக்கு 100 நாட்டு வேகத்தில் போனால் இருபது நிமிடம். பேருந்தில் போய்வந்தவர்களுக்குத்தான் அந்த இருபது நிமிடத்தின் அருமை தெரியும். என் மடிக்கணினியின் வலுவுக்குப் படம் விட்டுவிட்டுத்தான் ஓடியது. குண்டும் குழியுமான சாலையில் போவதுபோல் வானத்திலும் குலுங்கிக் குலுங்கிப் போனேன். வண்டலூர் கடந்தது. இன்னும் சற்றே போனால் பாலாறு, அதற்கப்பால் திருமுக்கூடல், பிறகு எங்கள் ஏரி என்று மனம் துள்ளியது.

ஒரகடத்தை நெருங்கும்போது பூமி நின்றுவிட்டது. கத்தியால் வெட்டியதுபோல் நேர்க்கோட்டில் நிலம் முடிந்து நீலக் கடல் தொடங்கியது. கண்ணுக்கு எட்டிய வரை கடல். காஞ்சிபுரம் இல்லை. உத்திரமேரூர் இல்லை. திருப்புலிவனம் இல்லை. எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தின்மேல் வட்டமிட்டேன். கீழே அலைதான் இருந்தது. பொய்க் கடல் என்று தெரிந்தும் நெஞ்சு ஒரு நொடி கனத்துப் போயிற்று.

காரணம் எளியது. அந்த மென்பொருளில் உலகம் பத்துப் பாகை அகலமும் பத்துப் பாகை உயரமும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுப் பொதிகளாக வைக்கப்பட்டுள்ளது. சென்னை நிலையம் கிழக்கு நெடுவரை 80 பாகைக்குச் சற்று அப்பால் இருக்கிறது. ஆகவே அது 80 என்னும் பொதியில் சேர்ந்தது. நம் ஊர் 79-இல் இருக்கிறது. ஆகவே அது 70 என்னும் பொதிக்குப் போயிற்று. நான் சென்னைப் பொதியை மட்டும் இறக்கியிருந்தேன். பொதி இல்லாத இடத்தையெல்லாம் மென்பொருள் கடல் என்று வைத்துக்கொள்ளும். நம் மாவட்டத்தின் குறுக்கே அப்படி ஒரு கோடு ஓடுகிறது என்பதை எந்த வழிகாட்டி எழுதிவைக்கும்? ஒரகடத்தில் நின்று பார்த்தவன்தான் எழுத முடியும்.

அந்த எண்ணம்தான் என்னை இந்தப் பணிக்கு இழுத்தது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. இறக்கை வரையத் தெரியாது. ஒன்றும் தெரியாதவன் எங்கெங்கே தடுக்கி விழுவான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதுவும் ஓர் அறிவுதான்; எல்லாம் தெரிந்தவர்களிடம் அது இருப்பதில்லை. அகராதியின் துணையோடு என் விசைப்பலகைச் சிக்கலை ஆங்கிலத்தில் ஏழு வரியாக எழுதி அந்தத் தன்னார்வலர்களுக்கு அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவரிடம் இருந்து மறுநாள் விடை வந்தது. பாராட்டு ஒரு வரி. கேள்வி ஐந்து வரி. எந்தப் பதிப்பு? எந்த இயங்குதளம்? எந்த விசையமைப்பு? எந்த வரிசையில் செய்தீர்கள்? வேறொரு கணிப்பொறியிலும் செய்து பார்த்தீர்களா? கடைசிக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நம் கல்லூரி நண்பன் ஒருவனுடைய கணிப்பொறியில் செய்து பார்த்துவிட்டு எழுதினேன். பிறகுதான் அந்தக் குறிப்பு ஏற்கப்பட்டது. ஏழு வரி இரண்டு வரியாகக் குறைந்திருந்தது. ஆனால் தெளிவாக இருந்தது. வானத்தில் பறந்ததைவிட அன்று உயரமாகப் பறந்தேன்.

பிறகு தமிழில் ஒரு முழு வழிகாட்டி எழுதத் துணிந்தேன். நிறுவுவது முதல் எழும்புவது வரை முப்பது பக்கம். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதுவது புதிதன்று. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் அந்தப் பணியைச் செய்து வருகிறது. நம் மாவட்டத்திலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் சமைத்த கலைச்சொற்களில் இருந்து கைகொள்ளும் அளவு எடுத்துக்கொண்டேன். நம் கல்லூரி மாணவர் பன்னிரண்டு பேர் என் வழிகாட்டியை நகல் எடுத்துப் போனார்கள். முதலாண்டு மாணவர்கள் என்னை 'பைலட் அண்ணா' என்று அழைத்தார்கள். தலையில் சற்றுக் கனம் ஏறிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இறக்கிய பொதிகள் இடத்தை அடைத்துக்கொள்வதாக ஒருவன் சொன்னான். உடனே வழிகாட்டியில் ஒரு பகுதியைச் சேர்த்தேன். பொதிகளை வேறு வட்டுக்கு மாற்றிக்கொள்வது எப்படி என்று படிப்படியாக எழுதினேன். அதன் கடைசி வரி இது: "மாற்றியபின் பழைய கோப்புறையை முழுவதுமாக அழித்துவிடவும்." அந்த வரியை நான் எந்தக் கணிப்பொறியிலும் செய்து பார்க்கவில்லை. செய்து பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து முதலாண்டு மாணவன் ஒருவன் நூலகத்தின் வாசலில் எனக்காகக் காத்திருந்தான். அவன் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"அண்ணா, நீங்க எழுதின மாதிரியே பழைய ஃபோல்டரை அழிச்சிட்டேன். அக்காவோட புராஜெக்ட்டும் அதிலதான் இருந்திச்சு."

வீட்டில் இருந்த ஒரே கணிப்பொறி அவன் அக்காவுடையது. அவர் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் முதுகலைப் பொருளியல் படிப்பவர். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் குடும்பங்களின் கடனைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். இவன் பொதியை அக்காவின் கோப்புகள் இருந்த அதே கோப்புறையில் விரித்து வைத்திருந்தான். நான் "பழைய கோப்புறை" என்று எழுதியதும் அதைத்தான் குறிக்கிறேன் என்று எண்ணி மொத்தமாக அழித்துவிட்டான். அளவு பெரிதாக இருந்ததால், இது குப்பைத் தொட்டிக்குள் அடங்காது, நிலையாக அழிக்கவா என்று கணிப்பொறி கேட்டிருக்கிறது. வழிகாட்டியில் "முழுவதுமாக" என்று இருந்ததால் ஆம் என்று அழுத்தியிருக்கிறான். என் சொல்லை ஓர் எழுத்தும் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே மாணவன் அவன்தான். ஆய்வேட்டை ஒப்படைக்க ஒன்பது நாள் இருந்தது.

அந்த நொடியில் என் மனம் என்ன செய்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அது வருந்தவில்லை, வழக்காடத் தொடங்கியது. நான் பொதிகளைப் பற்றித்தானே எழுதினேன்? கண்ட இடத்தில் விரித்து வைத்தது அவன் பிழையல்லவா? கட்டற்ற மென்பொருளின் உரிமத்திலேயே, இதற்கு எந்த உறுதியும் இல்லை, பயன்படுத்துபவர் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதே! இலவசமாக எழுதியவன்மீது யார் குறை சொல்ல முடியும்? இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டே அன்று மாலை அவனோடு அவன் ஊருக்குப் போனேன். உத்திரமேரூருக்கு அப்பால், பேருந்து கடைசியாகத் திரும்பும் ஊர்.

அவன் அக்கா திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்தார். என் வழிகாட்டியின் நகலை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னே வைத்தார்.

"தம்பி, இந்த வரியைப் படிங்க. எந்த ஃபோல்டர்னு இதில எங்க இருக்கு?"

படித்தேன். எங்கும் இல்லை. என் மனத்தில் இருந்தது; தாளில் இல்லை.

"நான் காசுக்கு எழுதலைக்கா…" என்று இழுத்தேன்.

"தெரியும். நீங்க காசு வாங்கலை, சரி. ஆனா அவன் அதை நம்பித்தானே செஞ்சான்?"

இதற்கு என்ன விடை சொல்வது? மூன்றாண்டு இலக்கணம் படித்தவன் நான். சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறது என்று தெளியாமல் நின்றால் தொடர் பிழையாகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். 'பழைய' என்னும் ஒரு சொல் எதைச் சுட்டுகிறது என்று எழுத மறந்தேன்.

அழிந்ததை மீட்க ஒரு கடைக்காரரிடம் கொடுத்துப் பார்த்தோம். சில படங்கள் மட்டும் வந்தன. நல்லவேளையாக நாற்பது குடும்பங்களைக் கண்டு அவர் கையால் நிரப்பிய படிவங்கள் ஒரு துணிப்பையில் பத்திரமாக இருந்தன. முதல் இரண்டு இயலின் அச்சுப்படி அவருடைய நெறியாளரிடம் இருந்தது. எட்டு நாள் மாலையில் அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா படிவத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தம்பி கூட்டல் கணக்கைச் சரிபார்த்தான். ஒரு சேலைக்கு எத்தனை நாள், கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, அந்த முன்பணம் எத்தனை ஆண்டாகத் தீராமல் நிற்கிறது என்று குடும்பம் குடும்பமாகத் தட்டினேன். வானத்தில் இருந்து பார்த்தால் காஞ்சிபுரம் ஒரு சாம்பல் நிறத் திட்டு. அந்த எட்டு நாளில்தான் நான் அதன் தெருவில் இறங்கி நடந்தேன். ஒன்பதாம் நாள் ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டது. முதலில் எழுதியதைவிட இரண்டாவது சுருக்கமாக இருக்கிறது என்று அக்கா சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ உண்மையாகவே சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் வழிகாட்டியை மொத்தமாகக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதாதவனுக்குப் பிழையில்லை அல்லவா? அந்த வாரத்தில்தான் எங்கள் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பு மாணவர்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பிறந்தது முதல் அந்தக் கோயிலைப் பார்த்து வருகிறேன். சுவரைப் படித்ததில்லை.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் இந்த ஊர்ச் சபை குடவோலை முறைக்கு வகுத்த விதிகள் அந்தக் கருங்கல் சுவரில் உள்ளன என்பது நம் எல்லாருக்கும் பாடத்தில் வந்ததுதான். முப்பது குடும்பு; ஓலையில் பெயர்; குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தல்; ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம்; வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வரக்கூடாது என்னும் தடை. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே அந்தக் குடத்தில் இடமிருந்தது என்பதையும் பேராசிரியர் சொல்லாமல் விடவில்லை. நான் அறியாதது வேறொன்று. அங்கே இருப்பவை இரண்டு கல்வெட்டுகள். ஒன்று பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. முதல் விதியில் வாரியத்துக்கு வருபவர் வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டாம் விதியில் அது 35-க்கு மேல், 70-க்குள்.

"இரண்டே ஆண்டில் ஏன் திருத்தினார்கள்?" என்று பேராசிரியர் கேட்டார். நாங்கள் விழித்தோம். "நடத்திப் பார்த்தார்கள். குறை தெரிந்தது. மறுபடி எழுதினார்கள். பழையதையும் அழிக்கவில்லை" என்றார்.

மற்றவர்கள் அடுத்த சுவருக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். கல்லில் எழுதியவர்களே இரண்டாண்டில் திருத்தியிருக்கிறார்கள். நான் தாளில் எழுதியதைத் திருத்த வெட்கப்படுகிறேன்! ஃப்ளைட்கியர் தன்னார்வலர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது, எதை, ஏன் என்ற குறிப்போடு காப்பாற்றப்படுகிறது. பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது. பிழையே நேராத ஊர் எங்கும் இல்லை. பிழையை ஊரறியச் சொல்லித் திருத்தும் ஊர்தான் நல்ல ஊர்.

வானூர்தித் துறையே இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு தளத்தில் போயிங் நிறுவனத்தின் மாதிரி 299 என்னும் நான்கு இயந்திர வானூர்தி எழும்பிய சில நொடியில் விழுந்து எரிந்தது. இருவர் உயிரிழந்தனர். ஓட்டியவர் கற்றுக்குட்டி அல்லர். தேர்ந்த சோதனை வானோடி. நிறுத்தியிருக்கும்போது வால் சுக்கான் காற்றில் ஆடாமல் இருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், ஓட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் சரிபார்ப்புப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தபின்பே எழும்ப வேண்டும் என்னும் வழக்கம் வந்தது. ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு உயிர் இருந்திருக்கும். வழிகாட்டி எழுதுவது சில்லறை வேலை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

மறுபடி எழுத உட்கார்ந்தேன். முதற்பக்கத்திலேயே, முதற்பதிப்பில் இன்ன பக்கத்தில் இன்ன வரியால் ஒருவருக்குப் பேரிழப்பு நேர்ந்தது, அதை இப்படி மாற்றியிருக்கிறேன் என்று நாளிட்டு எழுதினேன். அழிக்கச் சொல்லும் வரியையே எடுத்துவிட்டேன். பொதிக்கு என்று தனிக் கோப்புறை ஒன்றை முதலிலேயே செய்துகொள்ளச் சொன்னேன். நகல் எடுத்துப் போன பன்னிரண்டு பேரையும் தேடிப் பிடித்துப் பழைய தாளை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தேன். ஒரு தாளை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அந்த அக்கா என் முன்னே விரித்து வைத்த தாள்.

இனி நானே செய்து பார்ப்பது போதாது என்றும் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததைத் தாளில் இருப்பதாக என் கண் நினைத்துக்கொள்ளும். ஆகவே அம்மாவை உட்கார வைத்தேன். அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணிப்பொறியைத் துடைத்திருக்கிறாரே தவிரத் தொட்டு இயக்கியதில்லை. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இதில என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய்யும்மா" என்றேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். நான்கு இடத்தில் நின்றார். நின்ற நான்கு இடமும் என் பிழை. அவற்றைத் திருத்தி எழுதி மறுநாள் மறுபடி உட்கார வைத்தேன். விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றினார். கலவைப் பிடியைத் தள்ளினார். அடைப்புக்குறியை மூன்று முறை தட்டினார். எஸ் விசையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். விசிறி சுழன்றது. பூட்டை விடுவித்தார். மீனம்பாக்கத்து ஓடுபாதையில் வானூர்தி மெல்ல நகர்ந்தது.

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! களத்துமேட்டில் முதல் மூட்டை கட்டும்போதுதான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓடுதுடா. நிறுத்துறது எப்படின்னு இதில காணோமே?"

முப்பது பக்கத்தைப் புரட்டினேன். எழும்புவது வரை எழுதியிருந்தேன். இறங்குவதும் நிறுத்துவதும் ஒரு வரிகூட இல்லை. ஓராண்டாக அதைப் படித்த யாரும் கேட்கவில்லை. எழுதிய நானும் எண்ணவில்லை. இப்போது அந்தப் பகுதியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோப்புறையை அழித்த அந்தத் தம்பிதான் அதற்குச் சோதனை பார்க்கிறான். வரிக்கு வரி, "எது அண்ணா? எந்த விசை அண்ணா?" என்று கேட்டுத் துளைக்கிறான். அவனைவிட நல்ல சோதனையாளன் எனக்குக் கிடைக்கமாட்டான்.

அன்பு நண்பர்களே! இவ்வாண்டோடு நான் கல்லூரியை விட்டுப் போகிறேன். நம்மில் பலரிடம் பணமில்லை. பெரிய ஊர்களின் வசதியும் இல்லை. ஆயினும் உலகெங்கும் முகமறியாதவர்கள் கூடிச் செய்து பொதுவில் வைத்திருக்கும் நற்பொருள்களில் நமக்கும் பங்கு உண்டு. பங்கு உண்டென்றால் கடமையும் உண்டு. உங்களுக்குத் தெரிந்த ஒன்றை, அதை அறியாத ஒருவருக்குப் புரியும்படி எழுதி வையுங்கள். எழுதியதை ஒருவரைக் கொண்டு செய்து பாருங்கள். பிழை என்று தெரிந்தால் நாளிட்டுத் திருத்துங்கள். அதற்கு நிரல் தெரிய வேண்டாம். ஒருவர் நம்மை நம்பிச் செய்வார் என்ற நினைவு இருந்தால் போதும்.

70-ஆம் பொதியையும் இறக்கிவிட்டேன். இப்போது ஒரகடத்தைத் தாண்டியும் நிலம் இருக்கிறது. பாலாறு மணல் நிறத்தில் வருகிறது. கோயில் இன்னும் இல்லை. ஏரிக்கரையும் சரியாக இல்லை. யாராவது அளந்து வரைந்து சேர்க்க வேண்டும். யாராவது என்றால், நம்மில் ஒருவர்தான்.